ஆற்றலும் நாளைய மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைவு உலை வெற்றி, தண்ணீரில் ஓடும் கார், ஐந்து நிமிடத்தில் நிரம்பும் பேட்டரி என்று ஆற்றல் பற்றிய செய்திகளுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் படித்துவிட்டுப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு வரும், ஆனால் பெருக்கல் வகுத்தலுக்கு மேல் போகாது. அந்த இடங்களைத் தாண்டிப் போய்விட வேண்டாம். இந்தத் துறையில் உண்மையையும் ஆசையையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கணக்குதான்.

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியில் படித்தோம். அப்புறம் எப்படிப் பற்றாக்குறை வருகிறது?

படித்தது சரிதான். 1840களில் ஜேம்ஸ் ஜூல் ஓர் எடையைக் கீழே இறங்கவிட்டு, அந்த இறக்கத்தால் தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுழல வைத்தார். தண்ணீர் இம்மியளவு சூடேறியது. எடை இழந்ததும் தண்ணீர் பெற்றதும் ஒரே கணக்கில் நின்றன. எதுவும் தொலையவில்லை.

சரி, அந்தச் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு எடையைப் பழைய உயரத்துக்கே ஏற்றிவிட முடியுமா? எந்த இயந்திரத்தாலும் முடியாது. பற்றாக்குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆற்றலின் அளவு அப்படியே இருக்க, அதன் தரம் இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் 9 யூனிட்டுக்குச் சற்று மேலான ஆற்றல் இருக்கிறது. வண்டி ஓடி நின்ற பிறகு அது அத்தனையும் சாலையிலும் டயரிலும் பிரேக்கிலும் காற்றிலும் இளஞ்சூடாகப் பரவிக் கிடக்கும். ஒரு ஜூல்கூடக் குறைந்திருக்காது, ஆனால் திரட்டி வேலை வாங்க வழி இருக்காது. இந்தச் சிதறலை அளக்கும் கணக்குக்குத்தான் என்ட்ரோபி என்று பெயர்.

பூமியின் கதையும் இதுவே. சூரியனிடம் வாங்கும் ஆற்றலை ஏறக்குறைய அப்படியே விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வரும்போது ஒளித்துகள் ஒன்று என்றால், போகும்போது வீரியம் குறைந்த அகச்சிவப்புத் துகள்கள் சுமார் இருபது. மழை, காற்று, காடு, நாம் எல்லோரும் இந்தத் தர வித்தியாசத்தில்தான் பிழைக்கிறோம். அதனால் ஆற்றல் பற்றிய எந்தக் கேள்வியிலும் 'எவ்வளவு இருக்கிறது' என்பதைவிட 'எந்த வடிவில், எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறது' என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

கிலோவாட்டும் கிலோவாட் மணியும் ஒன்றுதானா?

இல்லை. கிலோவாட் என்பது வேகம், கிலோவாட் மணி என்பது மொத்தம். நாம் யூனிட் என்று சொல்வது இரண்டாவதைத்தான். செய்திகளில் '100 மெகாவாட் பேட்டரி' என்று மட்டும் போட்டிருந்தால் பாதித் தகவல்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2017இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் நிறுவிய பேட்டரி 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. அதாவது முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். இரண்டு எண்ணும் தெரிந்தால்தான் அது எதற்குப் பயன்படும் என்று சொல்ல முடியும்.

ஒரு யூனிட் என்பது உண்மையில் எவ்வளவு?

36 லட்சம் ஜூல். சொன்னால் மனத்தில் நிற்காது, அதனால் இப்படிப் பாருங்கள். ஒரு டன் எடையை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 9 லட்சத்து 80 ஆயிரம் ஜூல் வேண்டும். இது கால் யூனிட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஒரு முழு யூனிட்டுக்கு அந்த ஒரு டன்னை 367 மீட்டர் உயர்த்த வேண்டும். ஆரோக்கியமான ஒருவர் மிதித்து 100 வாட் கொடுக்கிறார் என்றால், ஒரு யூனிட் சேர அவர் 10 மணி நேரம் நிற்காமல் மிதிக்க வேண்டும்.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பல அறிவிப்புகளை நீங்களே எடைபோடலாம். கான்கிரீட் கட்டிகளைக் கிரேனால் தூக்கி அடுக்கி மின்சாரத்தைச் சேமிக்கும் கோபுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 300 மீட்டர் உயரத்தில் 10 லட்சம் யூனிட் சேமிக்க, இழப்பைக் கணக்கில் எடுக்காமலேயே 12 லட்சம் டன்னுக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். தண்ணீர் என்றால் அது ஒரு நடுத்தர நீர்த்தேக்கம், தானே ஓடி வந்து டர்பைனைச் சுற்றும். நீரேற்று மின் நிலையங்கள் இன்றும் பெரிய அளவு சேமிப்பில் கோலோச்சுவதற்கு இதுதான் காரணம். கான்கிரீட்டின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்குள்தான். அந்த லாபத்துக்காக ஒவ்வொரு கட்டியையும் கொக்கி மாட்டித் தூக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அனல் மின் நிலையங்கள் ஏன் பாதி வெப்பத்தைக்கூட மின்சாரமாக மாற்றுவதில்லை?

இதற்கு 1824இலேயே சாடி கார்னோ பதில் சொல்லிவிட்டார். வெப்பத்தில் ஓடும் எந்த இயந்திரமும் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஓடும். நீராவி 550 டிகிரி செல்சியஸ், வெளியே 30 டிகிரி என்றால், செல்சியஸோடு 273ஐக் கூட்டி வரும் கெல்வின் அளவில் 823, 303. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 823ஆல் வகுத்தால் 63 சதவீதம். உராய்வே இல்லாத கற்பனை இயந்திரத்துக்கே உச்சம் அதுதான். நிஜத்தில் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கும். எரிவாயு டர்பைனில் எரிந்து வரும் சூட்டை மறுபடி நீராவிக்குப் பயன்படுத்தும் கூட்டுச் சுழற்சி நிலையங்கள் 60 சதவீதத்தைத் தாண்டுகின்றன, ஏனென்றால் அங்கே தொடக்க வெப்பநிலை மிக அதிகம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அணு உலையும் தண்ணீரைச் சூடாக்கித்தான் டர்பைனைச் சுற்றுகிறது. வழக்கமான நீர் உலைகளில் தண்ணீர் 320 டிகிரியை ஒட்டியே இருப்பதால் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. லேசான அணுக்கருக்களை ஒன்றாக்கி ஆற்றல் எடுக்க நாளைக்கு வரப்போகும் இணைவு நிலையங்களில் பெரும்பாலானவையும் கடைசிக் கட்டத்தில் இதே வழியில்தான் போக வேண்டும். கார்னோவிடமிருந்து அவையும் தப்ப முடியாது.

சோலார் பேனல்கள் 50 சதவீதம், 60 சதவீதம் எப்போது எட்டும்?

இன்று கடையில் வாங்கும் வகையால் ஒருபோதும் எட்டாது. ஏன் என்பது அழகான இயற்பியல், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிலிக்கானுக்குள் ஓர் எலக்ட்ரானைக் கட்டவிழ்க்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகில் சொன்னால் அது சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியில் அதற்குக் குறைவான ஆற்றலோடு வரும் அகச்சிவப்புத் துகள்கள் சிலிக்கானைத் தொடாமலேயே கடந்து போய்விடும். அதிகமாக வரும் நீல, ஊதாத் துகள்கள் எலக்ட்ரானை விடுவிக்கும், ஆனால் மிச்ச ஆற்றல் ஒரு நொடியின் மிகச் சிறிய துளிக்குள் வெப்பமாகிவிடும். 3 எலக்ட்ரான் வோல்ட்டோடு ஒரு துகள் வந்தாலும் பேனலுக்குக் கிடைப்பது 1.1க்குள்தான். தாழ்ந்த பக்கமும் நஷ்டம், உயர்ந்த பக்கமும் நஷ்டம். இரண்டையும் கூட்டி, ஒற்றை அடுக்கு மின்கலத்தின் உச்சம் சுமார் 30 சதவீதம் என்று 1961இல் ஷாக்லியும் குவைசரும் கணக்கிட்டார்கள். நிஜமான சூரிய ஒளியை வைத்துப் பின்னர் திருத்திய கணக்கில் அது சுமார் 33. 1954இல் பெல் ஆய்வகத்தில் செய்த சிலிக்கான் மின்கலம் 6 சதவீதம் கொடுத்தது. இப்போது சந்தையில் இருப்பவை 20 முதல் 24 வரை. ஆக, ஏறக்கூடிய படிகளில் பெரும்பகுதியை ஏறிவிட்டோம்.

மேலே போக ஒரே வழி, அடுக்குகளைக் கூட்டுவது. நீல ஒளியைப் பிடிக்க மேலே ஒரு பொருள், சிவப்பைப் பிடிக்கக் கீழே சிலிக்கான். அந்த மேல் அடுக்குக்குத்தான் பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். இந்த அமைப்புள்ள கனிமம் 1839இல் யூரல் மலைகளில் கண்டெடுக்கப்பட்டது. மின்கலத்தில் வருவது வேறு வேதிப்பொருள், படிக வடிவம் மட்டும் அதே. ஆய்வகத்தில் இந்த இரட்டை அடுக்கு 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, அதாவது ஒற்றை அடுக்கின் உச்சத்தையே கடந்துவிட்டது. பிரச்சினை ஆயுள். ஈரமும் சூடும் பட்டால் பெரோவ்ஸ்கைட் சிதையும். பேனல் என்றால் 25 ஆண்டு வெயிலில் கிடக்க வேண்டும். இது பொறியியல் சிக்கல், இயற்பியல் தடை இல்லை. இந்தப் பக்கத்தில் வரும் புதிய தொழில்நுட்பங்களில் முதலில் நம் கைக்கு வரப்போவது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

வெயில் கொளுத்தினால் பேனல் அதிக மின்சாரம் தருமா?

ஒளி கூடினால் தரும், சூடு கூடினால் குறையும். சிலிக்கான் பேனல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் தன் திறனில் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இழக்கிறது. வெளிச்சமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் நாள்தான் பேனலுக்கு நல்ல நாள். அதனால்தான் பேனலுக்கு அடியில் காற்று ஓட இடம் விட்டுப் பொருத்துகிறார்கள்.

உலகத்துக்கே போதுமான சூரிய ஆற்றல் இருக்கிறதா?

தாராளமாக. வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழுவது சுமார் 1,73,000 டெராவாட். மனிதகுலம் எல்லா வகையிலும் சேர்த்துச் செலவழிப்பது 20 டெராவாட்டை ஒட்டி. ஏறக்குறைய ஒரு மணி நேர வெயில் ஓர் ஆண்டுக் கணக்கைத் தீர்த்துவிடும். நாம் திண்டாடுவது அளவில் இல்லை, இரவிலும் மேகத்திலும் தூரத்திலும்தான்.

காற்றாலைகள் ஏன் இவ்வளவு பெரிதாகிக்கொண்டே போகின்றன?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் திறன் எட்டு மடங்காகும். உயரே போனால் காற்று வேகமாக வீசும். இறக்கையின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் அது வாரும் வட்டப் பரப்பு நான்கு மடங்காகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெரிதாகக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். கடலில் நிறுவும் புதிய இயந்திரங்களின் சுழல் வட்டம் 230 மீட்டருக்கும் மேல். காற்றிலிருந்து 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்கவே முடியாது என்பதை 1919இல் ஆல்பர்ட் பெட்ஸ் காட்டினார். முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. 'இறக்கையே இல்லாத அதிசயக் காற்றாலை' என்று யாராவது சொன்னால், அது எத்தனை சதுர மீட்டர் காற்றை வாருகிறது என்று மட்டும் கேளுங்கள்.

பேட்டரி ஏன் பெட்ரோலுக்கு ஈடாவதில்லை?

ஒரு கிலோ பெட்ரோலில் 12 யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. ஒரு கிலோ நல்ல லித்தியம் அயனி மின்கலத்தில் கால் யூனிட். ஐம்பது மடங்கு வித்தியாசம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: பெட்ரோல் தன் சரக்கில் பாதிக்கும் மேல் சுமப்பதே இல்லை. ஒரு கிலோ எரிய சுமார் மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும், அதைக் காற்று இலவசமாகக் கொடுக்கிறது. எரிந்ததும் புகையாக வெளியே போய்விடுகிறது. பேட்டரியோ வினையின் இரண்டு பக்கத்தையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் போக வேண்டும்.

ஆனால் பெட்ரோல் எஞ்சின் அந்த 12இல் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மின் மோட்டார் 90 சதவீதத்தை ஒட்டிக் கொடுக்கும். அதனால் சாலையில் ஓடும் வண்டிக்குப் பேட்டரி போதுமானதாகிவிட்டது, கண்டம் தாண்டும் விமானத்துக்கு இன்னும் ஆகவில்லை.

1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனிக்கு 2019இல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து என்ன என்று கேட்டால், ஓரிடத்தில் நிற்கும் சேமிப்புக்குச் சோடியம் அயனி. எடை கூடினாலும் மூலப்பொருள் உப்பிலேயே கிடைக்கிறது. உள்ளே திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைக்கும் திட நிலை பேட்டரி நிஜமானதுதான், ஆனால் திடப்பொருள்கள் இரண்டை ஆயிரம் தடவை சுருங்கி விரிந்தும் இடைவெளி விழாமல் ஒட்டியிருக்க வைப்பது லேசான வேலை இல்லை.

ஹைட்ரஜன்தான் நாளைய எரிபொருளா?

ஹைட்ரஜன் ஆற்றல் மூலமே இல்லை, ஆற்றலைச் சுமந்து போகும் வண்டி. கணக்கு இதோ. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் ஆகும். அந்த ஒரு கிலோவில் பயன்படுத்தக்கூடியது 33 யூனிட். அழுத்தி நிரப்பி, எரிபொருள் மின்கலத்தில் மறுபடி மின்சாரமாக்கினால் கைக்கு வருவது 16 முதல் 20 யூனிட். மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதே மின்சாரத்தைப் பேட்டரியில் போட்டு எடுத்தால் 85 சதவீதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கும்.

ஆகவே காருக்கு ஹைட்ரஜன் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க, உரத்துக்கு அமோனியா செய்ய, மாதக்கணக்கில் ஆற்றலைச் சேர்த்து வைக்க ஹைட்ரஜனுக்கு நல்ல இடம் இருக்கிறது. அங்கே பேட்டரியால் போட்டி போட முடியாது.

தண்ணீரில் ஓடும் கார்?

தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். பிரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறதோ அதைவிட அதிகமாக அதை எரித்து எடுக்க முடியாது. வண்டி ஓடியிருந்தால், தண்ணீரைத் தவிர வேறு எதுவோ அதற்குள் தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது. பெரும்பாலும் அலுமினியம் போன்ற ஓர் உலோகம்.

அணுப்பிளவில் மட்டும் எப்படி இவ்வளவு ஆற்றல்?

நிலக்கரி எரியும்போது மாறுவது அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்கள். ஒரு வினைக்குச் சில எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். யுரேனியம் 235 பிளக்கும்போது மாறுவது உட்கரு, ஒரு பிளவுக்குச் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். ஒரு கிலோ யுரேனியம் 235 முழுவதும் பிளந்தால் சுமார் 3,000 டன் நிலக்கரிக்கு ஈடு. இயற்கை யுரேனியத்தில் இந்த வகை 0.7 சதவீதம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

சிறு அணு உலைகள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அவை காகிதத்தில் மட்டும் இருப்பவை அல்ல. ரஷ்யாவின் மிதக்கும் நிலையமான அகாடமிக் லோமோனோசோவ் இரண்டு சிறு உலைகளோடு ஓடுகிறது. சீனாவில் ஹீலியத்தால் குளிர்விக்கும் கூழாங்கல் வகை உலை 2023 டிசம்பரில் வணிக இயக்கத்துக்கு வந்தது. சிறிய உலையின் பெரிய வரம், கொள்ளளவோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு அதிகம். மின்சாரம் போய்ப் பம்பு நின்றாலும் மிச்ச வெப்பம் தானாக வெளியேற வழி கிடைக்கும். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்தால் மலிவாகும் என்ற வாக்குறுதி மட்டும் இன்னும் நிறைவேற்றிக் காட்டப்படவில்லை.

தோரியம் இருக்க யுரேனியம் எதற்கு?

தோரியம் தானாகத் தீப்பற்றாத விறகு. அது முதலில் ஒரு நியூட்ரானை விழுங்க வேண்டும். பிறகு புரோடாக்டினியமாக மாறி, சுமார் 27 நாள் அரை ஆயுளில், அதாவது 27 நாளுக்குப் பாதி என்ற கணக்கில், யுரேனியம் 233 ஆகும். அதுதான் பிளக்கும். தொடக்க நியூட்ரானுக்கு யுரேனியமோ புளூட்டோனியமோ வேண்டும். செய்ய முடியாதது ஒன்றும் இல்லை: கல்பாக்கத்தின் காமினி ஆராய்ச்சி உலை யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டு 30 கிலோவாட் அளவில் இயங்கியிருக்கிறது. பெரிய அளவில் இந்தச் சுழற்சியை ஓட்ட, கடுமையான காமாக் கதிர் வீசும் எரிபொருளைத் தூர இருந்தே கையாள வேண்டும். தாமதத்துக்குப் பெரிய காரணங்களில் அது ஒன்று.

அணுக்கரு இணைவு உண்மையிலேயே வெற்றி பெற்றுவிட்டதா?

எந்த எல்லைக்குள் நின்று கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்கள் 2.05 மெகாஜூல் ஆற்றலை ஒரு சிறு எரிபொருள் உருண்டைக்குக் கொடுத்தன. வெளியே வந்தது 3.15 மெகாஜூல். உருண்டையைச் சுற்றிக் கோடு போட்டால் அது மறுக்க முடியாத வெற்றி, அரை நூற்றாண்டு உழைப்பின் பலன். ஆனால் அந்த லேசர்களைச் சுட மின்தொகுப்பிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். கட்டடத்தைச் சுற்றிக் கோடு போட்டால் நூறில் ஒரு பங்குதான் திரும்பியது. இரண்டு கணக்கும் உண்மை. செய்தியில் எது வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

பிளாஸ்மாவை, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்துபோன கடும் சூடான வாயுவை, காந்தத்தால் கட்டி வைக்கும் டோகமாக் வழியில், இங்கிலாந்தின் ஜெட் இயந்திரம் தன் கடைசிச் சோதனைகளில், 2023இல், 69 மெகாஜூல் கொடுத்தது. யூனிட்டில் சொன்னால் 19. எரிந்தது 0.2 மில்லிகிராம் எரிபொருள். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு, 19 யூனிட். இந்தத் துறையில் ஆட்கள் ஏன் வாழ்நாளையே கொடுக்கிறார்கள் என்பது புரியும்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? உட்கருக்கள் இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றை ஒன்று விலக்கும். அவற்றை நெருங்கவைக்கக் கொடூரமான வேகம் வேண்டும், அதாவது வெப்பம். சூரியனின் மையத்தில் ஒன்றரைக் கோடி டிகிரி. நாம் 15 கோடி டிகிரிக்குப் போகிறோம். சூரியனைவிட பத்து மடங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: சூரியனின் மையத்தில்கூட ஒரு கன மீட்டருக்குக் கிடைப்பது 300 வாட்டுக்கும் குறைவு. அதே கன அளவுக்கு மனித உடல் அதைவிட அதிக வெப்பம் விடுகிறது. சூரியன் பிரம்மாண்டமாக இருப்பதால்தான் ஒளிர்கிறது. மின் நிலையத்துக்கு அந்தச் சோம்பேறி வேகம் உதவாது. அதனால்தான் டியூட்டிரியம், ட்ரிட்டியம் என்ற, ஹைட்ரஜனின் கனமான வகைகளான, எளிதில் இணையும் ஜோடியை எடுத்துக்கொண்டு, வெப்பத்தையும் ஏற்றுகிறோம்.

பிரான்சின் கடராஷில் எழும் ஈட்டர், 50 மெகாவாட் சூடேற்றத்துக்கு 500 மெகாவாட் இணைவுத் திறன் காட்ட வேண்டும் என்பது இலக்கு. அது மின்சாரம் தயாரிக்கும் நிலையம் இல்லை, சோதனைக் கூடம். 2024இல் அறிவித்த திட்டப்படி டியூட்டிரியம், ட்ரிட்டியம் கட்டம் 2039இல்தான். இன்னொரு பக்கம், காந்தப்புலத்தை இரண்டு மடங்காக்கினால் அதே கன அளவில் இணைவுத் திறன் பதினாறு மடங்கு வரை கூடும் என்பதால், மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் புதிய மீக்கடத்தி நாடாக்களை வைத்துச் சிறிய இயந்திரம் கட்டும் முயற்சிகள் நடக்கின்றன. 2021 செப்டம்பரில் அப்படி ஒரு காந்தத்தின் புலம் 20 டெஸ்லா என்ற வலிமையை எட்டியது.

எனக்குப் பிளாஸ்மாவைவிடக் கவலை தருபவை இரண்டு. இந்த இணைவில் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் எடுத்துக்கொண்டு சுவரில் மோதுகிறது, எந்த உலோகம் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்பது ஒன்று. ட்ரிட்டியம் இயற்கையில் அநேகமாகக் கிடையாது, அரை ஆயுள் 12.3 ஆண்டுதான். அதை உலையே லித்தியத்திலிருந்து தனக்காகத் தயாரித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. இந்தச் சுழற்சியை முழு அளவில் இன்னும் எங்கும் ஓட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் சோலார், காற்றாலை ஆகிவிட்டால் மின்தொகுப்பு நிலைகுலையுமா?

கவலை நியாயமானது, தீர்வும் இருக்கிறது. மின்தொகுப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். பெரிய நிலையம் ஒன்று திடீரென விழுந்தால் முதல் சில நொடிகளுக்குக் காப்பாற்றுவது யார்? சுழன்றுகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான டன் டர்பைன்களும் ஜெனரேட்டர்களும்தான். அவை கொஞ்சம் வேகம் குறைந்து, தங்கள் சுழற்சி ஆற்றலைத் தொகுப்புக்குக் கொடுக்கும். 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் மெதுவாக இறங்கும், அதற்குள் மற்ற நிலையங்கள் விழித்துக்கொள்ளும்.

சோலாரில் சுழலும் பாகமே இல்லை. அதன் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை தொகுப்பின் அலையைப் பார்த்து அதைப் பின்பற்றுபவை. எல்லோரும் பின்பற்றினால் முன்னால் போவது யார்? அதனால் இப்போது தானே அலையை உருவாக்கி நிறுத்தும் இன்வெர்ட்டர்களைப் பேட்டரிகளோடு பொருத்துகிறார்கள். எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுழலும் கனமான சமநிலை இயந்திரங்களையும் நிறுவுகிறார்கள். செய்திகளில் இடம் பிடிக்காத இந்த வேலைதான் உண்மையில் எதிர்கால மின்சாரத்தின் முதுகெலும்பு.

அறை வெப்பநிலை மீக்கடத்தி வந்தால் எல்லாம் மாறிவிடுமா?

1911இல் பாதரசத்தில் 4.2 கெல்வினில் தொடங்கிய கதை, 1987இல் திரவ நைட்ரஜனாலேயே குளிர்விக்கக்கூடிய பொருளுக்கு வந்து சேர்ந்தது. 2023இல் கொரியாவிலிருந்து வந்த அறை வெப்பநிலை அறிவிப்பு சில வாரங்களில் பொய்த்தது. நிஜமாகவே வந்தால் மகிழ்ச்சி, ஆனால் கம்பிகளில் வீணாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதுதான். தூரத்துக்கு உயர் அழுத்த நேர்மின்சாரம் இப்போதே இருக்கிறது: சீனாவில் 11 லட்சம் வோல்ட்டில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் தடம் உண்டு.

விண்வெளியில் பேனல் வைத்து மின்சாரத்தைக் கீழே அனுப்ப முடியுமா?

முடியும். 1975இலேயே கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் நுண்ணலையால் 30 கிலோவாட்டுக்கு மேல் 1.6 கிலோமீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார்கள். இடிப்பது அலைகளின் விரிவு. 36,000 கிலோமீட்டர் மேலே ஒரு கிலோமீட்டர் அகல ஆன்டெனா வைத்தாலும், 12 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கற்றை தரைக்கு வரும்போது சுமார் 10 கிலோமீட்டர் அகலமாகிவிடும். அதனால் சிறிதாகத் தொடங்க முடியாது, தொடங்கினால் பிரம்மாண்டமாகத்தான். ராக்கெட் செலவு எவ்வளவு குறைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பூமிக்கு அடியில் இருக்கும் வெப்பம்?

அதிகம் பேசப்படாத நல்ல வாய்ப்பு. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும். எரிமலைப் பகுதி இல்லாத இடங்களிலும் ஆழமாகத் துளையிட்டு, பாறையில் விரிசல் உண்டாக்கி, தண்ணீரைச் சுற்றவிட்டு வெப்பம் எடுக்கலாம். எண்ணெய்த் துறையின் துளையிடும் திறமை அப்படியே உதவும். இரவு பகல் பேதமில்லாமல் ஓடும். விரிசல் உண்டாக்கும்போது சிறு நில அதிர்வுகள் வரக்கூடும், அதைக் கண்காணித்தே செய்ய வேண்டும்.

காந்தங்களை மட்டும் வைத்துத் தானாகச் சுற்றும் மோட்டார் சாத்தியமா? வீடியோவில் பார்த்தேன்.

சாத்தியமில்லை. காந்தம் ஒரு பொருளை இழுக்கும்போது கொடுக்கும் ஆற்றலை, அந்தப் பொருள் விலகிப் போகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று முடிந்தால் கூட்டல் கழித்தல் பூஜ்யம், உராய்வு மட்டும் நஷ்டம். காந்தங்களை எந்தக் கோணத்தில் அடுக்கினாலும் இது மாறாது. வீடியோவில் சுற்றுகிறது என்றால் மறைவாக ஒரு பேட்டரியோ ஊதும் காற்றோ இருக்கிறது. காட்டுகிறவரிடம் வாதாட வேண்டியதில்லை. மேசை, துணி, கம்பி எதுவும் இல்லாமல் இயந்திரத்தை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதிலிருந்து ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை ஒரு மாதம் தொடர்ந்து எரியவிடச் சொல்லுங்கள். அரை வாட் விளக்கு ஒரு மாதத்துக்கு 0.36 யூனிட் கேட்கும். அவ்வளவு ஆற்றலைத் தரும் பேட்டரி ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். சின்ன பொம்மைக்குள் அதை ஒளித்து வைக்க இடமிருக்காது.